பனி... பாறை... பாதரசம்!

கொடைக்கானல்னு சொன்னதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? ஏரி, போட்டிங், வாடகை சைக்கிள், கோக்கர்ஸ் வாக், மிளகாய்ப்பொடி தடவிய சூடான மக்காச்சோளம், ஹோம் மேட் சாக்லேட். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு குணா குகை. எங்களுக்கும் அதேதான். ஐந்து பேர், ஒரு சனி ஞாயிறு, மதுரையில் இருந்து விடியற்காலை பஸ். போக வேண்டிய இடங்களை எல்லாம் பக்காவாக லிஸ்ட் போட்டிருந்தோம்.

பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்த நேரத்தில்தான் எங்கள் கூட்டத்து கெமிஸ்ட்ரிக்காரன் மெதுவாக ஆரம்பித்தான். "லிஸ்ட்ல இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்கடா. செயின்ட் மேரிஸ் ரோடு."

"அங்க என்னடா இருக்கு?"

"பழைய தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்த இடம்."

"ஃபேக்டரி பாக்கவாடா இவ்வளவு தூரம் மலையேறிப் போறோம்?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ப்ளஸ் டூ லேப்ல தெர்மாமீட்டர் உடைஞ்சப்ப என்னடா பண்ணோம்?" என்று மட்டும் கேட்டான்.

அது எப்படி மறக்கும்! டேபிள் மேல் குட்டிக் குட்டி வெள்ளிக் குண்டுகள். விரலால் தள்ளினால் ஓடும், இரண்டு சேர்ந்தால் ஒன்றாகும், அழுத்தினால் பத்தாகும். உள்ளங்கையில் ஊற்றி உருட்டினோம். ஒருத்தன் ஐந்து ரூபாய்க் காசில் தேய்த்துப் பளபளப்பாக்கினான். பிறகு லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து திட்டிக்கொண்டே துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். அதோடு சரி.

"அந்த மாதிரி தெர்மாமீட்டர் கோடிக்கணக்குல செஞ்ச இடம் அது" என்றான். லிஸ்டில் சேர்த்துவிட்டோம்.

வழியில் எல்லாரும் இறங்கி போட்டோ எடுக்கும் சில்வர் கேஸ்கேடில் நாங்களும் இறங்கினோம். 180 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. குரங்குகளுக்குத்தான் அங்கே ஆட்சி. கடைக்காரர் ஒருவர் எங்கள் பையைப் பார்த்து, "பிளாஸ்டிக் பாட்டில் வச்சிருக்கீங்களா தம்பி? மேல பிடிப்பாங்க" என்று எச்சரித்தார். உண்மைதான். கொடைக்கானலில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கெடுபிடி. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்தில் இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வேறு. மலையைக் காப்பாற்ற எடுக்கும் நடவடிக்கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே ரோட்டில் ஏறி வந்த பாதரசத்தின் கதை தெரிந்த பிறகு, அந்தத் தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைக்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். சில்வர் கேஸ்கேடில் விழுவது கொடைக்கானல் ஏரியில் இருந்து வழிந்து வரும் தண்ணீர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

மூஞ்சிக்கல்லில் ஒரு சாக்கு மூட்டை

ஊருக்குள் நுழையும் முன்னால் மூஞ்சிக்கல் என்று ஒரு இடம் வரும். கடைகள், ஜீப்புகள், டிராஃபிக். பஸ் அங்கே நத்தை மாதிரி ஊர்ந்தது. ஜன்னல் ஓரம் இருந்த கெமிஸ்ட்ரிக்காரன், "கதை வெளிய வந்தது இங்கதான்" என்றான்.

2001 மார்ச் 7. மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய இரும்புக்கடையில் கிழிந்த சாக்குகளில் உடைந்த கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இல்லை. பாதரசம் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் கண்ணாடி. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் ஊர் மக்களோடு சேர்ந்து அதைக் கண்டுபிடித்து ஊருக்குக் காட்டினார்கள். 7.4 டன் என்றார்கள் அவர்கள். அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் இருந்து வந்த சரக்கு. நிறுவனம் ஒப்புக்கொண்ட கணக்கு 5.3 டன். எங்கள் நடைமுறையை மீறி அது விற்கப்பட்டுவிட்டது, அதில் மிச்சம் இருந்த பாதரசம் 0.15 சதவிகிதம்தான் என்று விளக்கம் கொடுத்தது. அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை.

இந்தத் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஒரு ஊர். அங்கே செஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனி நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டு, 1984-ல் அப்படியே மூட்டை கட்டி இங்கே கொண்டுவரப்பட்டது. நாம் மூஞ்சியில் பூசுகிற அதே பாண்ட்ஸ்தான்! மேலை நாடுகளில் இந்த மாதிரித் தொழில்கள் மேல் கேள்விகள் கூடிக்கொண்டிருந்த காலம் அது. போபாலில் விஷவாயு கசிந்ததும் அதே 1984 டிசம்பரில்தான். 1987-ல் செஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் உலக அளவில் வாங்கியதும், கொடைக்கானல் தொழிற்சாலையும் இந்துஸ்தான் லீவர் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. 2007-ல் அந்த நிறுவனம் தன் பெயரை இந்துஸ்தான் யூனிலீவர் என்று மாற்றிக்கொண்டது.

பாதரசம் அமெரிக்காவில் இருந்து வரும். இங்கே தெர்மாமீட்டராகும். திரும்ப அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். ஜுரம் பார்க்கும் கருவி அங்கே, மிச்சம் மீதி இங்கே.

உள்ளே வேலை பார்த்தவர்கள் யார் என்கிறீர்கள்? பெரும்பாலும் இந்த ஊர்ப் பசங்க. நம்ம வயசு. சீசன் முடிந்தால் வேலை இல்லாத ஒரு மலை ஊரில், வருஷம் பூராவும் சம்பளம், யூனிஃபார்ம், பெரிய கம்பெனி பெயர். யார்தான் வேண்டாம் என்பார்கள்? கேம்பஸ் இன்டர்வியூவில் கையெழுத்துப் போடும்போது நாம் மட்டும் கம்பெனி காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிறோமா என்ன!

ஏரி சொல்லும் சேதி

ரூமில் பையைப் போட்டுவிட்டு நேராக ஏரிக்குப் போனோம். நட்சத்திர வடிவம் என்பார்கள், கரையில் நின்றால் நட்சத்திரமும் தெரியாது ஒன்றும் தெரியாது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவின்ஜ் ஓடைகளை மறித்துக் கட்டிய செயற்கை ஏரி. பெடல் போட்டில் இரண்டு பேர் மிதித்தார்கள், மூன்று பேர் அட்வைஸ் செய்தோம். நடு ஏரியில் வைத்துத்தான் அவன் அடுத்த குண்டைப் போட்டான்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகம் இருக்கிறது. பொருட்களில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று துல்லியமாக அளப்பதுதான் அதன் வேலை. அந்த விஞ்ஞானிகள் கொடைக்கானலில் இரண்டு வேலை செய்தார்கள். முதலில், தொழிற்சாலையைச் சுற்றி மரங்களில் ஒட்டி வளரும் பாசியையும் லைக்கனையும் சுரண்டி எடுத்துப் போனார்கள். பாசிக்கு வேர் கிடையாது, மண்ணில் இருந்து எதையும் உறிஞ்சாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் சேர்த்து வைக்கும். அதில் பாதரசம் இருக்கிறது என்றால் காற்றில் வந்தது என்று அர்த்தம். இருந்தது. 2003-ல் அந்த ஆய்வு வெளியானது.

அடுத்தது ஏரி. தொழிற்சாலை மூடிய பிறகு இந்தத் தண்ணீரையும், அடிச் சேற்றையும், மீனையும் எடுத்துப் பார்த்தார்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க பேரிஜம், கூக்கால் ஏரிகளில் இருந்தும் எடுத்தார்கள். 2006-ல் வெளியான முடிவுப்படி, கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம். ஏரியின் அடிச் சேற்றிலும் மற்ற இரண்டு ஏரிகளைவிட அதிகம். ஃபேக்டரி புகைதான் காரணம் என்பது அவர்கள் முடிவு.

"அய்யோ... கை நனைஞ்சிருச்சேடா!" என்று ஒருத்தன் அலறினான்.

பயப்படாதீர்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டில் குடிநீருக்கு அனுமதித்த அளவே லிட்டருக்கு 1,000 நானோகிராம். ஆக, படகு விடுவதால் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. விஷயம் தண்ணீரில் இல்லை, அடியில் இருக்கிறது. சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தைப் பிடித்து மீத்தைல் மெர்குரி ஆக்கிவிடும். சாதாரண பாதரசத்தைவிட இது ரொம்பப் பொல்லாதது, உடம்புக்குள் போனால் லேசில் வெளியே வராது. நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956-ல் தெரியவந்த கோரம் இப்படித்தான் நடந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி கடலில் விட்ட கழிவு, மீன் வழியாக மீனவக் குடும்பங்களின் நரம்பு மண்டலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் பூனைகள் தள்ளாடி விழுந்தன. அப்புறம் மனிதர்கள். கொடைக்கானல் மினமாட்டா இல்லை. அங்கே கொட்டிய அளவே வேறு. ஆனால் பாதை ஒன்றுதான்.

இந்த ஏரியில் இருந்து வழிவதைத்தான் காலையில் சில்வர் கேஸ்கேடில் செல்ஃபி எடுத்திருந்தோம்.

லிரில் ஃபால்ஸ்

மறுநாள் காலை வட்டக்கானல் பக்கம் நடந்தோம். வழியில் பாம்பார் அருவி. ஜீப் டிரைவர்களிடம் பாம்பார் என்றால் ஒரு நொடி யோசிக்கிறார்கள், 'லிரில் ஃபால்ஸ்' என்றால் உடனே கை காட்டுகிறார்கள். லிரில் சோப்பு விளம்பரத்தை இங்கேதான் எடுத்தார்கள் என்று சொல்லி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எலுமிச்சைப் பச்சை, அருவியில் ஆடும் பெண், லா லா லா... நம்ம அப்பா அம்மா தலைமுறையைக் கேட்டால் இன்றைக்கும் பாடிக் காட்டுவார்கள்.

லிரில் யாருடைய சோப்பு? இந்துஸ்தான் லீவருடையது!

இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. ஒரே கம்பெனி. ஒரே மலை. ஒரே பாம்பார். செயின்ட் மேரிஸ் ரோட்டில் தொழிற்சாலை இருந்த மேட்டின் பின்பக்கச் சரிவு நேராக பாம்பார் சோலைக்குள் இறங்குகிறது. சோலை என்றால் சும்மா தோப்பு இல்லை. மலை மடிப்புகளில் மட்டும் வளரும் குட்டை மரக் காடு, மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கும். அந்த ஓடைகள் சேர்ந்து பாம்பாறாகி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் சமவெளிக்குப் போகின்றன. கும்பக்கரையில் ஞாயிற்றுக்கிழமை குளிக்காத தேனி மாவட்டத்துக் கல்லூரிப் பசங்க இருக்க முடியாது.

தொழிற்சாலைக்குப் பின்னால் சோலைச் சரிவிலும் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடிக் குவியல் கிடந்தது என்றார்கள் போராடியவர்கள். காட்டில் நாங்கள் கொட்டவே இல்லை என்றது நிறுவனம். எது எப்படியோ, 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பாதரசம் கலந்த பொருட்களும் பெட்டி பெட்டியாகக் கட்டி, கப்பலேற்றி, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் ஒரு பாதரச மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பப்பட்டன. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். திரும்பிப் போனது அபூர்வம். இந்த ஒரு விஷயத்துக்காக கொடைக்கானல்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கண்ணாடியை அனுப்பலாம், மெஷினை அனுப்பலாம். மண்ணை?

பூட்டிய இடத்தின் முன்னால்

செயின்ட் மேரிஸ் ரோட்டுக்கு வழி கேட்க ஒரு டீக்கடையில் நின்றோம். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "பாதரச கம்பெனியா? அங்க என்னப்பா பாக்கப் போறீங்க? ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. உள்ளே விட மாட்டார்கள். ரோட்டில் இருந்து பார்த்தால் மரம், பனி, அமைதி. வாசனை இல்லை, நிறம் இல்லை, புகை இல்லை. ஸ்டெர்லைட் மாதிரி, நெய்வேலி மாதிரி ஒரு புகைபோக்கியாவது நின்றால், 'அதோ' என்று கை காட்டலாம். இங்கே காட்டுவதற்கு எதுவும் இல்லை.

பாதரசத்தின் குணமே அதுதான். லேபில் நாம் பார்த்த வெள்ளிக் குண்டு கண்ணுக்குத் தெரிகிறது. அதில் இருந்து கிளம்பும் ஆவி தெரியாது. அறை வெப்பநிலையிலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். 20 டிகிரியில், மூடிய அறை ஒன்றில் சிந்திய பாதரசத்தை அப்படியே விட்டால், ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 13 மில்லிகிராம் வரை ஏறும். வேலை செய்யும் இடத்தில் 0.025 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் பரிந்துரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்நூறு மடங்கு! மூச்சில் போகும் ஆவியில் பெரும்பகுதி நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போய்விடும். அங்கிருந்து மூளை, சிறுநீரகம். கை நடுக்கம், ஞாபக மறதி, எரிச்சல், ஈறு வீக்கம், கிட்னி கோளாறு. எல்லாமே 'வேறு எதனாலும் வந்திருக்கலாம்' என்று சொல்லிவிடக்கூடிய வியாதிகள்.

அதைத்தான் சொன்னார்கள். முன்னாள் தொழிலாளர்கள், சரியான பாதுகாப்புக் கவசம் இல்லாமல் வேலை செய்தோம், பாதரசம் பட்ட துணியோடு வீட்டுக்குப் போனோம், பலருக்கு உடம்பு கெட்டது, சிலர் செத்தும் போனார்கள் என்றார்கள். நிறுவனம், நாங்கள் எல்லாப் பாதுகாப்பும் கொடுத்தோம், மருத்துவப் பரிசோதனை செய்தோம், தொழிலாளர் உடல்நலத்துக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு இல்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன என்றது. 2006-ல் தொழிலாளர் சங்கம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு, தொழிலாளர்கள் பாதரசத்துக்கு ஆளாகிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. இரண்டு பக்கமும் ஆய்வுக் கட்டுகள். நடுவில் வயதாகிக்கொண்டே போன மனிதர்கள்.

அப்புறம் நடந்தது நம்ம ஏரியா. 2015 ஜூலை கடைசியில் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டு போட்டார். 'கொடைக்கானல் வோன்ட்'. நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டு. பதினாலு வருஷமாக மனு, ஊர்வலம், பிரஸ் மீட் என்று இவர்கள் கத்தியதை உலகம் கேட்கவில்லை. இந்தப் பாட்டை சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமை அதிகாரி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுக்குத் தொகை கொடுக்க உடன்பாடு கையெழுத்தானது. எவ்வளவு என்பது ரகசியம். மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிறோம், தவறு என்று ஒப்புக்கொண்டு அல்ல என்பது நிறுவனத்தின் நிலை. எப்படியோ, ஃபேக்டரி மூடிப் பதினைந்து வருஷம் கழித்துப் பணம் வந்தது. பாட்டால்தான் வந்தது என்று சொன்னால் பத்து வருஷம் கோர்ட் படியேறிய சங்கத்துக்காரர்களுக்குத் துரோகம். பாட்டு இல்லாமலே வந்திருக்கும் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

20-ஆ, 1-ஆ?

மிச்சம் இருந்தது மண். தொழிற்சாலை வளாகத்து மண்ணைத் தோண்டி, கழுவி, சூடேற்றி, பாதரசத்தை ஆவியாக்கிப் பிடித்துவிடுவது என்பது திட்டம். சரி, எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம்? இங்கேதான் சண்டையே.

ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருந்தால் போதும் என்று இலக்கு வைத்தார்கள். ஆர்வலர்கள் கொதித்தார்கள். பிரிட்டனில் வீடு கட்டும் நிலத்துக்குத் தனிம நிலைப் பாதரசத்துக்கான வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம். யூனிலீவரின் தலைமையகம் லண்டனில். உன் ஊருக்கு 1, எங்கள் ஊருக்கு 20-ஆ என்பது கேள்வி. 2018-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சோஃபியா அஷ்ரஃப், அம்ரித் ராவ் சேர்ந்து போட்ட 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' பாட்டு இதைப் பற்றித்தான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது இந்த வழக்கு.

எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் கேட்டபோது சப்பைக்கட்டு என்றுதான் நினைத்தேன். அந்தச் சரிவில் நின்று பார்த்தபோது அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. இலக்கை இறக்க இறக்க, தோண்ட வேண்டிய மண் கூடும். மண்ணை எடுக்க மரத்தை வெட்ட வேண்டும். மரம் போனால் மழையில் சரிவே கரைந்து, எந்தப் பாதரசத்தை எடுக்க வந்தோமோ அதையே சோலைக்குள் தள்ளிவிடும். அதனால் இந்த இடத்துக்கு 20 போதும் என்றார்கள். நியாயம் மாதிரித்தான் இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் சிவில் படிக்கிறவள் விடவில்லை. "அப்ப மரத்துக்காகத்தான் கம்மியா சுத்தம் பண்றோம்னு சொல்றாங்களா? மரத்து மேல அவ்வளவு அக்கறை இருந்தா 1984-ல சோலைக்கு மேல பாதரச ஃபேக்டரியக் கொண்டு வந்து வச்சிருப்பாங்களா?"

"அது சரி, இப்ப என்ன பண்ணணுங்கிற?"

"மரத்த வெட்டாம, கையால, வேருக்கு வேரு பாத்து எடுக்கணும். செலவாகும். ஆகட்டும்."

"முடியுமா?"

"தெரியலடா. ஆனா முடியாதுன்னு சொல்ற ஆளே பில்லு கட்டுற ஆளா இருந்தா எப்படி நம்புறது?"

என் ஓட்டு அவளுக்குத்தான். 20 என்பது தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் இந்த நம்பரை முடிவு செய்யும்போது கும்பக்கரையில் குளிப்பவனையும், பெரியகுளத்தில் நெல் போடுபவரையும் கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். பனி விலகினால் அங்கிருந்து பழனி தெரியும். எங்களுக்கு ஐந்து நிமிஷம் விலகியது. கீழே தூரத்தில் சின்னதாக முருகன் மலை. போகர் ஒன்பது விஷங்களைச் சேர்த்துக் கட்டிய நவபாஷாணச் சிலை என்று சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறோம் இல்லையா? வழக்கமாகச் சொல்லும் அந்தப் பட்டியலில் வரும் லிங்கமும் பூரமும் பாதரசச் சரக்குகள்தான். சித்த வைத்தியத்தில் ரசத்தைக் 'கட்டுவது' என்பதே ஒரு பெரிய வித்தை. ஓடுகிற பாதரசத்தை ஓடாமல் நிறுத்துவது.

"போகர் கட்டினாரு, இவங்க அவுத்து விட்டுட்டாங்க" என்றான் கெமிஸ்ட்ரிக்காரன். அவனுக்கு எப்போதாவது ஒரு நல்ல டயலாக் வரும்.

உலகம் முழுக்கவும் இப்போது கட்டத்தான் பார்க்கிறார்கள். 2013-ல் மினமாட்டா பெயரிலேயே ஒரு சர்வதேச உடன்படிக்கை போட்டார்கள். 2018-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2020-ஓடு நிறுத்த வேண்டிய பொருட்கள் என்று அது போட்ட பட்டியலில் பாதரச தெர்மாமீட்டரும் உண்டு, அவகாசம் கேட்கும் நாடுகளுக்குச் சில வருஷம் கூடுதல். நம் ஹாஸ்டல் சிக் ரூமில் 'பீப்' சத்தம் போடுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறங்கும் பஸ்ஸில் எல்லோரும் அசந்துவிட்டார்கள். மூஞ்சிக்கல் தாண்டியதுகூடத் தெரியவில்லை. பெருமாள் மலைத் திருப்பத்தில் ஒரு குலுக்கலில் முழித்தபோது, பக்கத்து சீட்டில் கெமிஸ்ட்ரிக்காரன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. ப்ளஸ் டூல அந்த அட்டெண்டர் அண்ணன் கூட்டி அள்ளினாருல்ல... அதை எங்கடா கொட்டியிருப்பாரு?"

லேபுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.